ஆறாவது கேள்விக்கு எழுதாத பதில்

முள்ளியவளை
27.01.2025

அன்புள்ள றிம்ஸியா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கோயிலின் இறப்பர் முத்திரையை எடுத்து, என் மனிசன் சதீஸின் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் சூட்கேசுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அதை யாரும் திருட வரப்போவதில்லை. என் கை சும்மா இருக்கட்டும் என்றுதான். அதன் பிறகுதான் முகம் கழுவினேன், தேத்தண்ணி வைத்தேன்.

உன்னைப் பதினொரு தடவை அழைத்துப் பார்த்தேன். என் இலக்கத்தை நீ மறித்துவிட்டாய் என்பது மூன்றாவது தடவையே விளங்கிவிட்டது. மற்ற எட்டும் ஏனென்று எனக்கே தெரியாது. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறைக்கு நீ புத்தளம் போனால் நாம் கடிதம்தான் எழுதுவோம். உன் விலாசம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்கு வேறு யாரோ வேறு ஒழுங்கில் சொல்லியிருப்பார்கள்.

போன புரட்டாசியில் கனடாவிலிருந்து வினோதன் என்பவர் எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு வந்தார். ‘தர்மத்தின் கரங்கள்’ என்று ஓர் அமைப்பாம். மூன்று நாடுகளில் அலுவலகம் இருக்கிறதாம். அதன் தலைவர் மேடையில் அமைச்சர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் என்று படம் காட்டினார். மரியாதையான பேச்சு. கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு படிவமும் தந்தார். சபையின் செயலாளர் நான்தானே, நானே நிரப்பினேன். ஆறு கேள்விகள். கோயிலின் பெயர், ஊர், வயது, வருகிற அடியார்கள் தொகை என்று நாலு. ஐந்தாவது, வழிபாட்டுக்கு இடையூறு உண்டா? ‘கோயில் வயற்காணியில் போன வருடம் எல்லைக்கற்கள் நடப்பட்டன, குன்றடிக்குப் போய்ப் பொங்கல் வைக்க முடியவில்லை’ என்று எழுதினேன். ஆறாவது, அது யாரால்?

அதை நான் வெறுமையாக விட்டேன். கோயில் சபைத் தலைவர் பரமேஸ்வரன் அண்ணையும் எட்டிப் பார்த்துவிட்டு, “அதை விடுங்கோ ரீச்சர், பிறகு பாப்பம்” என்றார். கையெழுத்து வைத்தேன். முத்திரை குத்தினேன்.

இந்த மாதம் அந்த அமைப்பின் அறிக்கை வெளிவந்தது. வெளிநாட்டுப் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் வாசித்திருக்கிறார்கள். எங்கள் கோயிலுக்கு நேரே ஆறாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது: ‘அரபு நாட்டுப் பணத்தில் குடியேற்றப்படும் முஸ்லிம்களால்.’ பக்கத்தில் உன் உம்மாவின் வீட்டுப் படம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, உம்மாவின் அரை ஏக்கர் வளவுக்கு அரச காணிப் பேமிட் கொடுக்கக்கூடாது என்று பரமேஸ்வரன் அண்ணை பிரதேச செயலகத்தில் ஆட்சேபனையாகக் கொடுத்திருக்கிறார். 1990இல் நீங்கள் ஒரு பையோடு வெளியேறியபோது தொலைந்த காணி உறுதிக்குப் பதிலாக, உம்மா பன்னிரண்டு வருடமாகக் கேட்டு நடக்கிற அந்தப் பேமிட்.

அந்தப் பக்கத்தின் அடியில், படிவத்தில் நான் வைத்த கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொற்களை நான் எழுதவில்லை, றிம்ஸி. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

தர்மிளா


புத்தளம்
09.02.2025

தர்மிளா,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். இரண்டு தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை வந்ததைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் படத்தை எனக்கு முதலில் காட்டியவன் என் மகன் அர்ஷாக். தோஹாவில் எட்டுப் பேர் இருக்கிற அறையில் இருக்கிறான். கூட இருக்கிற மலையாளப் பையன் ஒருவனுடைய போனுக்கு அது வந்திருக்கிறது. ‘இது உன்ர ஊர்தானே?’ என்று கேட்டிருக்கிறான். அர்ஷாக் எனக்கு அழைத்தபோது அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. “உம்மா, உம்மம்மாட வீடு உலகச் செய்தியில வந்திருக்கு!” கீழே எழுதியிருந்ததை அவன் இன்னும் வாசித்திருக்கவில்லை. நான் வாசித்துச் சொன்னேன். போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு கிழமை அவன் அழைக்கவில்லை.

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? வீடு இல்லை. பலகைதான் இருக்கிறது. 2013இல் வளைகுடாத் தொண்டு நிறுவனம் ஒன்று அந்த ஒற்றை அறை வீட்டைக் கட்டித் தந்தது. முதலில் வந்தது பலகை, பிறகுதான் கல்லும் சீமெந்தும். வாசற்கதவை விட அகலமான பலகை, முழுக்க அரபு எழுத்து. உம்மா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னா. எழுத்துக் கூட்டி வாசித்தேன், கருத்துத் தெரியாது என்றேன். “வீடு தந்த மனிசன் ஆரெண்டு தெரியாம நான் எப்பிடி அவருக்கு துஆ கேக்கிறது?” என்று உம்மா கேட்டா. ஓர் அரச குடும்பத்தவரின் பெயர் என்று பிறகு மௌலவி சொன்னார். உம்மா அவரை ‘பலகைக்காரர்’ என்றுதான் துஆவில் சொல்கிறா. அல்லாஹ்வுக்கு விளங்கும் என்கிறா.

இப்போது அந்தப் பலகை எங்கோ ஒரு நாட்டில், பெரிய மேசைக்கு முன்னால் இருக்கிறவர்களுக்கு, நாங்கள் எல்லாம் ஏதோ படையெடுத்து வந்திருக்கிறோம் என்று காட்டுகிறது. அந்தப் படையில் எழுபத்தாறு வயது ஹவ்வா உம்மாவும் இரண்டு ஆடுகளும்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். காணிக் கச்சேரி, அந்தப் பேமிட் விசாரணை, இந்த மாதம் பதினெட்டாம் தேதி என்றிருந்தது. மார்ச் இருபத்தைந்துக்குத் தள்ளிவிட்டார்கள். ‘கோயில் ஆட்சேபனை வந்திருக்கு, அதை விசாரிச்சுத்தான் முடிவு’ என்று கிராம அலுவலர் சொன்னார். இந்தத் தடவையும் இல்லை என்றால் அந்த வளவைக் காட்டுப் பகுதியோடு சேர்த்துவிடுவார்கள் என்றும் சொன்னார். வாப்பா நட்ட தென்னைகளில் மூன்று இன்னும் அங்கே நிற்கின்றன. உம்மா புத்தளத்துக்கு வரமாட்டா. நான் எத்தனை தரம் கேட்டுவிட்டேன். “அகதியாப் போன ஊருக்கு திரும்பவும் அகதியா வாறதோ?” என்கிறா.

மூன்றாவது தடவை படித்தபோது கோபம் வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. கல்லை நட்டது யார் என்று உனக்குத் தெரியாதா? அதே ஊரில் இருக்கிற உனக்கு? பரீட்சை மண்டபத்தில் மணி அடித்த பிறகும் விடைத்தாளைப் பறிக்கும் வரை எழுதிக்கொண்டிருந்தவள் நீ. ஒரு கேள்வியையும் நீ சும்மா விட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் விட்டாய்?

றிம்ஸியா


முள்ளியவளை
21.02.2025

அன்புள்ள றிம்ஸி,

உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன். ஆனால் முதலில் உம்மாவிடம் போனதைச் சொல்ல விடு.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். உம்மா முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா.

“ஆரது, தர்மி மகளே? வா. பாக்க வந்தியோ, கலைக்க வந்தியோ?”

“பாக்கத்தான் உம்மா.”

“அப்ப கதிரையில இரு. கலைக்க வந்தவையெண்டா நிண்டுதான் கதைக்கோணும்.”

இருந்தேன். தேத்தண்ணி தந்தா. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, குடிக்காமலே சொல்லத் தொடங்கினேன். “உம்மா, அதை நான் எழுதேல்ல.”

“எழுதாட்டி என்ன? கனடாக்காரனுக்கு என்ர வளவுக்கு வழி தெரியுமோ? உன்ர முத்திரைதானே அவனைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தது.” அதைச் சொல்லிவிட்டு என் கோப்பையைப் பார்த்தா. “சீனி காணுமோ?”

காணும், அளவாக இருக்கு என்றேன். உண்மையில் சீனியே போடவில்லை. மறந்தாவோ, வேண்டுமென்று விட்டாவோ தெரியாது. முழுவதையும் குடித்தேன்.

அன்று பின்னேரம் கோயிலில் சபைக் கூட்டம். அறிக்கையில் இருப்பது பிழை, திருத்தம் அனுப்பச் சொல்லி எழுத வேண்டும் என்றேன். பரமேஸ்வரன் அண்ணை அந்த இடத்திலேயே வினோதனுக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பாய் நடுவில் வைத்தார்.

“அக்கா, நீங்க ஒரு கேள்வியைப் பாக்கிறீங்கள். நாங்கள் உலகத்தைப் பாக்கிறம்” என்றது போன். “இங்க இருக்கிற தலைவர்மாருக்கு உங்கட திணைக்களம், குன்று, வயல் எண்டு சொன்னா ஒண்டும் ஏறாது. ரண்டு நிமிஷம்தான் தருவினம். முஸ்லிம் எண்டா உடன நிமிர்ந்து பாப்பினம். நிமிர்ந்து பாத்தாத்தானே உங்களுக்கு உதவி வரும்?”

“நடக்காத ஒண்டுக்கு என்ன உதவி, தம்பி?”

“நடக்காததெண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? இண்டைக்கு நடக்காட்டி நாளைக்கு நடக்கும். நீங்கள்தானே அக்கா, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாம விட்டது?”

பாயில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாகேஸ்வரி அக்கா மட்டும் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் பரமேஸ்வரன் அண்ணை, “ரீச்சர், கூரைத் தகடு வந்து இறங்கிட்டுது. இனி என்னத்தைத் திருப்பிறது? மழை வந்தா பிள்ளையார்தான் நனைவார்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, றிம்ஸி. இரணைமடுக் குளத்துத் தண்ணி வயலுக்குள் ஏறிய வருடம் முகாமில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர். அவரும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்தான். தெரிந்ததைச் சொல்வதை விட, சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்வது அவருக்கு இலகுவாகப் போய்விட்டது.

பத்தாம் பதினோராம் வகுப்புக்கு நான் குடியுரிமைக் கல்வி எடுக்கிறேன். போன கிழமை உலக நாடுகளின் தலைமைத்துவம் பற்றிய பாடம். மேனுகா என்று ஒரு பிள்ளை, வாய் சும்மா இராது. “ரீச்சர், ஏன் எல்லாத் தலைவர்மாரும் சண்டைக்கு முதல் சாமியைக் கும்பிடினம்?” என்று கேட்டாள். மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக என்றேன். “அப்ப தோக்கிற ஆளின்ர சாமி என்ன செய்யும்?” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். சாமி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. யாரோ ஒருவர் சாமியின் பெயரால் கேட்கிறார், இன்னொருவர் சாமியின் பெயரால் கொடுக்கிறார், நடுவில் ஒரு படிவம் இருக்கிறது, அதை என்னைப் போல் ஒருத்தி நிரப்பிக் கொடுக்கிறாள். பெரிய நாடுகளில் நடப்பதை நான் இத்தனை வருடமும் தூரத்தில் நடப்பதாகத்தான் படிப்பித்திருக்கிறேன்.

சரி. ஏன் விட்டேன்?

கல் நட்ட அன்று நான் அங்கே நின்றேன். 2023 ஆனி மாதம், பாடசாலை விட்டு வரும் வழி. தெற்கிலிருந்து ஒரு பிக்குவும், ஓர் அரச திணைக்களத்து ஆட்களும், பாதுகாப்புக்கு வந்தவர்களும். குன்றில் பழைய விகாரை இருந்ததாம், சுற்றியிருக்கும் நிலம் அதற்குரியதாம். பிக்கு இளம் ஆள், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு சிவில் உடுப்பில் ஒருவர் என்னிடம் வந்து நல்ல தமிழில் கேட்டார்: “என்ன ரீச்சர், எந்தப் பள்ளிக்கூடம்?” சொன்னேன். “முழுப் பெயர்?” சொன்னேன். சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். “சரி, போங்கோ, வெயில்.” அவ்வளவுதான். யாரும் என்னை வெருட்டவில்லை.

படிவத்தில் ஆறாவது கேள்விக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது அந்தக் கொப்பி. பேனை நின்றுவிட்டது. அரசாங்கச் சம்பளம், அம்மாவின் மருந்து, இடமாற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. பயந்தேன் என்று எழுத நாற்பத்தைந்து வயதில் வெட்கமாக இருக்கிறது. நான் விட்ட இடத்தில் உங்களை எழுதுவார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

நேற்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்த ஆட்சேபனையில் எனக்கு உடன்பாடு இல்லை என்று எழுதினேன். என் பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அது உம்மாவுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

உன்
தர்மி


புத்தளம்
08.03.2025

தர்மி,

நோன்பு ஏழு. பின்னேரம் கஞ்சிக்கு அரிசி போட்டுவிட்டு எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே எழுதுவேன். நோன்பில் ஏசக்கூடாது.

கிராம அலுவலருக்கு நான் அழைத்தேன். உன் கடிதம் அவருடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. “அவா பெயர் சொல்ல வேண்டாமெண்டா, நான் அதை வச்சு என்ன செய்யிறது, தங்கச்சி? ஆட்சேபனை கச்சேரியில வாசிக்கப்படும். ஆருக்காவது மாறாச் சொல்ல இருந்தா அந்த இடத்தில எழும்பிச் சொல்லோணும். அதுதான் முறை” என்றார். முறை உனக்கும் தெரியும். எங்களுக்கு எதிராக உன் சொல் முத்திரையோடு நாடு நாடாகப் போகிறது. எங்களுக்காக உன் சொல் ஒரு லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கிறது. இதைத்தான் நீ உதவி என்கிறாயா?

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்துவிட்டேன். பிறகு திரும்ப விரித்தேன். ஏனென்றால் உன்னிடம் கேட்ட கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

உம்மாவின் வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பியது நான். அதிலும் ஒரு கேள்வி இருந்தது: ‘யாரால் வெளியேற்றப்பட்டீர்கள்?’ 1990இல் தமிழ் இயக்கம் வெளியேறச் சொன்னது என்று எழுதப் போனேன். நிறுவனத்தோடு வந்த மொழிபெயர்ப்பாளர், “தங்கச்சி, நீட்டி முழக்காதீங்க. இயக்கம், போராட்டம் எண்டெல்லாம் எழுதினா அங்க ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதோணும். இந்துக்கள் எண்டு போடுங்க, கெதியா வரும்” என்றார். உம்மா பக்கத்தில் இருந்தா. “இந்து எண்டா பேச்சியம்மாவும்தானே?” என்று கேட்டா. உன் அம்மாதான். நாங்கள் லொறியில் ஏறிய அன்று எங்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, “நான் வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க” என்று அழுதுகொண்டு நின்ற உன் அம்மா.

அது கார்த்திகை மாதம். உம்மா பொலித்தீன் விரிப்புக்குக் கீழே படுத்திருந்தா. மழை. நான் எழுதினேன். நீயாவது வெறுமையாக விட்டாய். நான் என் கையால், வடிவான எழுத்தில், இந்துக்கள் என்று எழுதினேன். எங்கோ ஓர் அறிக்கையில் அதுவும் வாசிக்கப்பட்டிருக்கும். அதைக் கேட்டு யாரோ ஒரு தலைவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். வீடு நாலு மாதத்தில் வந்தது.

இதைச் சொன்னதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பேச்சியம்மாவின் வளவை யாரும் கேட்கவில்லை. என் பொய்யால் ஒரு வீடு வந்தது, உன் பயத்தால் ஒரு வளவு போகப் போகிறது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அந்தப் பேனை நின்ற இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இருபத்துநாலாம் தேதி இரவு பஸ் எடுக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கச்சேரி. உம்மாவும் நானும் முன் வரிசையில் இருப்போம். நீ வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். எனக்கு மன்னிப்புக் கடிதம் மட்டும் இனி எழுதாதே. நான் வைத்திருந்து ஒன்றும் செய்ய முடியாது.

றிம்ஸியா

மறந்துவிட்டேன். தேத்தண்ணிக்கு உம்மா வேண்டுமென்றுதான் சீனி போடவில்லை. கேட்டேன். “குடிச்சாளோ?” என்று கேட்டா. முழுவதும் குடித்தாய் என்றேன். “ம்” என்றா.


முள்ளியவளை
24.03.2025

அன்புள்ள றிம்ஸி,

இந்தக் கடிதம் நாளைக்கு முன் உனக்குக் கிடைக்காது. நீ இப்போது பஸ்ஸுக்குப் பை கட்டிக்கொண்டிருப்பாய். நாளைக் காலை நாம் ஒரே மண்டபத்தில் இருப்போம். அப்படியிருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் உன்னைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. மன்னிப்புக் கேட்க எழுதவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விண்ணப்பத்தில் நீ எழுதியதையும் மறைக்கவில்லை. கோபப்படுவா என்று நினைத்தேன். ஆனால் அம்மா, “அந்த ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லவேயில்லையே” என்றா. பிறகு எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னா.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து, அப்பா காடு வெட்டிக் குடிசை போட்டது உனக்குத் தெரியும். அந்தத் துண்டுக்குப் பேமிட் கேட்டு மூன்று கச்சேரிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதிகாரி எழும்பி, அப்பாவின் பெயரை வாசித்து, “இந்த மூக்கனைத் தெரிஞ்ச ஆராவது இருக்கினமோ?” என்று கேட்பாராம். அப்பாவிடம் கூலிக்கு வேலை வாங்கியவர்கள், அம்மாவிடம் நெல் குத்தக் கொடுத்தவர்கள், எல்லாரும் மண்டபத்தில்தான் இருந்தார்களாம். “ஒருத்தரும் வேணாமுன்னு சொல்லல புள்ள” என்றா அம்மா. “எதுத்து ஒரு வார்த்தை சொல்லல. சும்மாதான் இருந்தாங்க. அந்தச் சும்மாதான் ஒங்கப்பாவுக்குத் தாங்கல.” நாலாவது கச்சேரிக்கு அப்பா போகவில்லையாம். அந்தத் துண்டு வேறு ஒருவருக்குப் போனது. இப்போது நாங்கள் இருக்கிற வளவு அதற்குப் பிறகு கிடைத்தது.

அப்பா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் படித்து, வேலை எடுத்து, கோயில் சபையில் செயலாளர் ஆனபோது, அந்த முத்திரையை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஏனென்று அப்போது விளங்கவில்லை.

நேற்று முழுவதும் சதீஸோடு வாக்குவாதம். உண்மையில் வாக்குவாதம் கூட இல்லை. அவர் உரத்துக் கதைக்கிற ஆள் இல்லை.

“கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறதெண்டா எடும்” என்றார். “அது சரிதான். கோயில் ஆக்கள் ரண்டு மாசம் கதைக்காயினம், பிறகு கதைப்பினம். நான் அதுக்குப் பயப்பிடேல்ல.”

“பிறகு எதுக்குப் பயம்?”

“அதுக்குப் பிறகு கேக்கிற கேள்விக்கு. முஸ்லிம் ஆக்கள் இல்லையெண்டா கல்லை நட்டது ஆரெண்டு கேப்பாங்கள். அதுக்கு மட்டும் வாயைத் திறக்காதையும். தெரியாதெண்டு சொல்லும். உமக்கு இன்னும் பதினைஞ்சு வருஷ சேவை இருக்கு. உம்மை நெடுங்கேணிக்கு அங்கால காட்டுக்கரைப் பள்ளிக்கூடம் ஒண்டுக்குத் தூக்கிப் போட்டா, ரண்டு பஸ் மாறிப் போய் வாறது நீர்தான். அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து விசாரிக்கத் தொடங்கினா?”

அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன். உம்மாவுக்கு வளவு, எனக்கு வேலை. யாரும் நட்டப்பட மாட்டார்கள். அந்த நிம்மதியில் இரவு நன்றாக நித்திரையும் கொண்டேன்.

இன்று பாடசாலையில் மூன்றாம் பாடவேளை சும்மா இருந்தது. ஆசிரியர் அறையில் இருந்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். ‘ஆட்சேபனையில் உள்ள கூற்று உண்மை அல்ல. அதை நான் எழுதவில்லை. ஹவ்வா உம்மாவின் குடும்பம் 1990க்கு முன் அந்த வளவில் இருந்தது எனக்கு நேரே தெரியும். சபைச் செயலாளராக என் கையெழுத்தைத் திருப்பிப் பெறுகிறேன்.’ இதுவரை இலகுவாக வந்தது. அதற்கடுத்த வரியாக, ‘கற்களை நட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். எழுதிய பிறகு அதை வாசித்தேன். நாளைக்கு நான் தெரியாது என்று சொன்னால் மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய பெயரை அதில் போட்டுக்கொள்வார்கள். இந்தத் தடவை உம்மா தப்புவா. அடுத்த அறிக்கையில் வேறு யாரோ ஒருவரின் வீட்டுப் படம் இருக்கும். அல்லது அதே பலகை, இன்னும் பெரிதாக.

அந்த வரியை வெட்டினேன்.

பெரிய தலைவர்கள் எந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு காணி உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்ப்பார் என்பதே நிச்சயமில்லை. அவரும் ஒரு சம்பளக்காரர், அவருக்கும் யாரோ ஒருவரின் கொப்பி இருக்கும். நான் சொல்வதை அவர் குறிப்பில் எழுதாமலே விடலாம். பரமேஸ்வரன் அண்ணை என்னோடு சண்டைக்கு வரலாம். கூரைத் தகட்டைத் திருப்பி ஏற்ற லொறி வந்தாலும் வரும். உனக்கும் இது பிடிக்காமல் போகலாம். வளவுக்கு வந்த இடத்தில் இவள் ஏன் குன்றைப் பற்றிக் கதைக்கிறாள் என்று நினைப்பாய். உம்மாவின் அலுவலைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக, முதலில் வளவைப் பற்றி மட்டும் சொல்வேன். அது பதிவான பிறகுதான் மற்றது.

உத்தியோகத்தர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் பரமேஸ்வரன் அண்ணை கேட்க வைப்பார்: “அப்ப கல்லை நட்டது ஆர், ரீச்சர்?” அப்போது திணைக்களத்தின் பெயரையும், 2023 ஆனி மாதத்து அந்த நாளையும், என் பெயரை எழுதியவர் எந்த மரத்தடியில் நின்றார் என்பதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப் போகிறேன். ஒருவரும் கேட்காமல் விட்டாலும் சொல்வேன்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. சதீஸுக்கும் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்லப் போகிறேன் என்று அவர் நம்பியிருக்கிறார். பின்னேரம் வேலையால் வந்து, தேத்தண்ணியும் குடிக்காமல், நாளைக்கு நான் உடுக்கப் போகிற சேலையை அடுத்த அறையில் அயன் பண்ணிக்கொண்டிருக்கிறார். கரையில் ஒரு சுருக்கு நிமிரவில்லையாம், தண்ணீர் தெளிக்கக் கூப்பிடுகிறார். போகிறேன்.

தர்மி